ஐஸ் பெட்டியும் அம்மாவின் ரத்தமும்

என் அன்பு நைனாவுக்கு,

அம்மாவுக்கு வந்தது மஞ்சக்காமாலையே இல்லை! இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நீ இருந்திருந்தால் காசிமேடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பாய்.

கண் மஞ்சளாகி, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனபோது, "எல்லாம் சூடுதாம்மே, குளுந்தா சரியாப்பூடும்" என்று அவள் தலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றினாயே, பெரிய வைத்தியர்! கீழாநெல்லி வேறு, மோர் வேறு. அந்த ஈரத்தோடு போய் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மீன் அள்ளுவாள். விரல் நீலம் பாரித்துக் கிடக்கும். மீன்காரிக்கு விரல் மரத்துப்போவது சகஜம்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

நீ போன பிறகு வந்த மார்கழியில் ஏலக்கூடத்திலேயே மயங்கி விழுந்தாள். உன் பின்னாலேயே கிளம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் குழாயிலேயே திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா அந்தக் குழாயை வெந்நீரில் வைத்தார். நைனா, அத்தனையும் கரைந்துபோச்சு! என் கண்ணால் பார்த்தேன்.

குளிர்தானாம் வில்லன். விரலில் குளிர் ஏறினால், கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பொருள் நம் சிவப்பணுவிலேயே போய் ஒட்டுமாம். உடனே 'காம்ப்ளிமென்ட்' என்கிற புரதங்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு வந்து, ஏலத்துக் கூடைக்கு அடையாளம் போடுகிற மாதிரி அந்த அணுவின் மேல் உட்காரும். அடையாளம் விழுந்ததை ஈரல் விழுங்கிவிடும். சில அணுக்களில் அந்தப் புரதங்களே துளை போட்டு உடைத்துவிடும். அப்படி அழிந்த அணுக்களின் சாயம்தான் கண்ணில் மஞ்சளாகவும் சிறுநீரில் டிக்காஷனாகவும் தெரிந்ததாம். நம் காவல்காரனே நம் வீட்டை இடித்தால் எப்படி? பச்சைத் தண்ணீர்க் குளியல் இடிப்பதற்கு ஆள் கூட்டிவந்த கதை. அன்பால் செய்ததுதான், உனக்கு என்ன தெரியும்!

இப்போது வெந்நீர், கம்பளிக் கையுறை, நரம்பில் ஏற்றுகிற மருந்து. முந்தாநாள் யாரையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறினாள். வியாபாரத்தை விடச் சொன்னேன். "கருவாடு விக்கறேன் போ, அதுக்கு ஐஸ் வோணாமில்ல? சும்மா குந்திகினு நான் இன்னாத்துக்குக் கீறேன்?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நேற்று அவள் கனவில் நீ வந்து வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டாயாம். அவளும் செருப்பைத் தேடினாளாம். அதெல்லாம் நடக்காது, நைனா. அவளை இப்போதைக்கு அனுப்ப மாட்டேன், இது சத்தியம். நீ தனியாகத்தான் இருக்கணும்.

அம்மாவை உனக்குக்கூட விட்டுக்கொடுக்காத,
உன் மூத்த மகள்