எதிரணிக் கொடியின் கீழ்

9 மே 2024

காய்ச்சல் இறங்கிவிட்டது. தலைவலி மட்டும் கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. ஊர் சுகாதார ஊழியர் லிண்டௌரா ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தாள். "டெங்கு இல்ல ஜசீரா. ஸிகாவும் இல்ல. நிம்மதியா தூங்கு."

என் புருஷன் எடிவான் சந்தைக்கு ஓடி ஒரு முழுக் கட்டி கொய்யா அல்வா வாங்கி வந்தான். எனக்கு நாலாம் மாதம். வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து நானே பாதிக்கு மேல் தின்றேன்.

24 ஜூன்

நேற்று இரவு சாவோ ஜோவோன் திருவிழா. வாசலில் நெருப்பு, சோளக் கேக், அவித்த வேர்க்கடலை. புகை இருந்ததால் மருயிம் தொல்லை இல்லை. மிளகாய்ப்பொடி அளவு பூச்சி, கடித்தால் எரிச்சலும் அப்படியே. வீட்டுக்குப் பின்னால் எடிவான் குவித்திருக்கும் கொக்கோக் காய் ஓட்டில்தான் அது பெருகுகிறது. எடு என்றால், "அது தங்கம்டீ, அடுத்த வருஷ உரம்" என்பான்.

பிள்ளை உதைத்தது. இல்லை, வேர்க்கடலையோ?

19 ஜூலை

லிண்டௌரா இன்று உட்காரவே இல்லை. மே மாதம் எடுத்த ரத்தத்தைத் தலைநகரில் மறுபடி பார்த்தார்களாம். ஒரொபூஷி காய்ச்சல். மருயிம் கடித்து வருவது. வயிற்றுப் பிள்ளைக்கும் போகக்கூடும் என்று இப்போதுதான் தெரியவந்திருக்கிறதாம். சில பிள்ளைகள் தலை சிறுத்துப் பிறக்கின்றனவாம்.

"உன் பிள்ளைக்குப் போச்சுன்னு சொல்லல. போகலன்னும் சொல்ல முடியல. ஸ்கேன் பாக்கணும்."

அல்வா தின்னோமே. டெங்கு இல்லன்னு கொண்டாடினோமே. பயமா இருக்கு. வேற எதுவும் எழுத வரல.

20 ஜூலை

விடிந்ததிலிருந்து எடிவான் தன் தங்கத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோகிறான். அழுகிய வாழைத்தண்டுகளையும் விடவில்லை.

22 ஜூலை

கொசுவலை கட்டினான். மருயிம் அதில் சொந்த வீட்டு வாசலில் நுழைவது போல நுழைகிறது. இன்னும் நெருக்கமான துணி வேண்டும் என்றாள் லிண்டௌரா.

அலமாரியிலிருந்து தன் கால்பந்து அணியின் கறுப்பு-சிவப்புக் கொடியை எடுத்தான். நான் நீல அணி. அந்தக் கொடி இந்த வீட்டில் பறக்கக்கூடாது என்பது கல்யாணத்தன்று நான் போட்ட நிபந்தனை.

"வேற துணியே இல்லையா?"

"இருக்கு. இதுதான் ஜன்னல் முழுக்க மூடும்."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாட்டித் தொலை என்றேன்.

8 ஆகஸ்டு

ஸ்கேன். தலை சரியான அளவு. "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர் அம்மா. அந்த 'இன்னைக்கு' வழியெல்லாம் என்னைக் குடைந்தது. எடிவான் சொன்னான்: "இன்னைக்கு ஜெயிச்சாச்சு இல்ல? அடுத்த மேட்ச் அப்புறம்."

13 செப்டம்பர்

வெயில் அடித்தால் அறையே சிவப்பு. தாங்கமுடியாத புழுக்கம். நேற்று அவன் அணி தோற்றது. கொடியைப் பார்த்துப் படுத்தபடியே சிரித்தேன். உள்ளே ஒரு உதை. யார் கட்சியோ தெரியவில்லை.

15 அக்டோபர்

பெண். நன்றாகக் கத்தினாள். தலையை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்.

31 அக்டோபர்

ரத்தத்தில் கிருமி இல்லை. ஒரு வருஷத்துக்கு அவ்வப்போது கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காட்டுவோம்.

திரும்பி வந்து பிள்ளையைப் படுக்கவைத்தேன். எடிவான் முக்காலி மேல் ஏறிக் கொடியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தோளில் புதுசாக ஒரு நீலக் கொடி.

"கல்யாணத்துல சொன்ன வார்த்தை. இனிமே உன்னோடது."

சிவப்பு வெளிச்சத்தில் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

"கைய எடு" என்றேன். "அது அங்கயே இருக்கட்டும்."