அடைப்புக்குறி இல்லாத வருஷம்

15-10-83, சனி

காலையிலிருந்து தூறல். ஆயுத பூஜை. ஆபீஸ் அரை நாள்தான் என்றார் சார். அந்த அரை நாள் முடிய மணி இரண்டு. டைப்ரைட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, பொட்டு காய்வதற்குள் அதையே தட்டச் சொல்கிற ஆடிட்டர் ஸ்ரீரங்கத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அடித்தது: பஸ் கம்பெனியின் பண ஷீட். செப்டம்பர் முடிய ஒரு வருஷத்துக்கு. பாங்க் கேட்டிருக்கிறது. நாலு காப்பி. (கம்பெனி பெயர் இந்த நோட்டில்கூட வேண்டாம். இங்கே அடிப்பது இங்கேயே இருக்க வேண்டும் என்று சேர்ந்த அன்றே சார் சொன்னது.) மூன்று பகுதி:

1. பஸ் ஓட்டி வந்த பணம்.
2. பஸ், இடம், மெஷின் வாங்கியது, விற்றது.
3. கடன், டெபாசிட்.

வெளியே போன பணமென்றால் அடைப்புக்குறிக்குள் அடிக்க வேண்டும். போன இரண்டு வருஷமும் 2-ஆம் பகுதி முழுக்க அடைப்புக்குறி. ஷிப்ட் சாவி வேறு சண்டித்தனம், சுண்டுவிரல் போய்விடும். இந்த வருஷம் அந்தப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. விரலுக்கு நிம்மதி. கம்பெனிக்கும் நல்ல காலம் போல.

கையெழுத்து வாங்கக் கவரை என்னிடமே கொடுத்துவிட்டார். கம்பெனி ஷெட் பாலக்கரையில், நம் வீட்டிலிருந்து நாலு தெரு. போனால் பூஜை நடக்கிறது. பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று, மாலை, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்து பழம் நசுங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் கையெழுத்துப் போட்டு, பொரியும் கொடுத்தார். மெக்கானிக் கரீம் பாய் ஒரு பை பழத்தை நீட்டினார்.

"என்ன பாய் இவ்வளவு?"

"மிச்சம் தங்கச்சி. போன வருஷ ஞாபகத்துல காந்தி மார்க்கெட்ல நாப்பத்தி நாலு வாங்கியாந்துட்டேன். எடுத்துட்டுப் போங்க, ஊறுகா போடுங்க."

பதினாறு பழம். தோல் மெலிசு, நல்ல சாறு.

வீட்டில் அப்பா மறுபடி அதே பேச்சு. ரயில்வே பட்டறையில் ரிட்டயர் ஆனபோது வந்ததில் மிச்சம் இருபத்திரண்டாயிரம். பாங்க்கில் வட்டி கம்மியாம். இந்த பஸ் கம்பெனி டெபாசிட்டில் போட்டால் மாதாமாதம் கையில் வருமாம். மேனேஜர் அப்பாவோடு காலையில் வாக்கிங் வருபவர், அவர் ஓதுவதுதான்.

"உங்க ஆபீஸ்தானே கணக்கு பாக்குது? எப்படிம்மா இருக்கு கம்பெனி?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுப்பா."

"பெத்த அப்பன்கிட்டயா?"

தொணதொணப்பு தாங்காமல் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் அடைப்புக்குறியே இல்லை, நல்லாத்தான் இருக்கு என்று. அப்பாவுக்கு அடைப்புக்குறி புரிந்ததா தெரியாது. முகம் மலர்ந்தது.

17-10-83, திங்கள்

மழை இல்லை, புழுக்கம். எலுமிச்சை நறுக்கி உப்பில் போட்டாயிற்று. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். செருப்பு வார்.

8.20 பஸ் இன்றும் வரவில்லை. இரண்டு வாரமாக இப்படி. அதுவும் இந்தக் கம்பெனி வண்டிதான், ஆறு வருஷமாக அதில்தான் காவேரிப் பாலம் தாண்டுகிறேன். ரிப்பேர் என்று நினைத்திருந்தேன். அடுத்த வண்டிக் கண்டக்டரைக் கேட்டேன்.

"அது இனி வராதுக்கா. நாமக்கல் பார்ட்டிக்கு பெர்மிட்டோட குடுத்துட்டாங்க."

"ஐயோ, அந்த வண்டி ஒண்ணா?"

"ஒண்ணா? நாலுக்கா. டிக்கெட் எடுத்தீங்களா?"

எடுத்தேன். பாலத்தில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. நாலு வண்டி. வண்டிக்கு நாலு பழம். பாய் கொடுத்த பதினாறு! போன வருஷம் பதினொரு பஸ், இப்போது ஏழு. அப்படியானால் நான் அடித்த 2-ஆம் பகுதியில் வந்திருப்பது என்ன பணம்?

ஆபீசில் எட்டுத் தப்பு அடித்தேன். சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அப்பா சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையில். எங்கே போனீங்க என்றால், "சும்மா இப்படித்தான்".

19-10-83, புதன்

மத்தியானம் சார் சாப்பிட வீட்டுக்குப் போனதும் கம்பெனி ஃபைலை எடுத்தேன். மூன்று வருஷ ஷீட்டையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டேன். தயிர்சாதம் தொடவில்லை. எல்லாம் நான் அடித்தவைதான். ஆறு வருஷமாக எழுத்தை அடித்தேனே தவிர ஒரு வரி படிக்கவில்லை, மடச்சி.

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும்: பஸ் ஓட்டி நல்ல பணம் வந்திருக்கிறது. அந்தப் பணம் 2-ஆம் பகுதியில் அடைப்புக்குறிக்குள் போயிருக்கிறது. எதற்கு? சேஸிஸ் வாங்க, கரூரில் பாடி கட்ட. அதாவது அந்த அடைப்புக்குறி ஒவ்வொன்றும் ஒரு பஸ். பணம் வெளியே போய் வண்டியாகத் திரும்பி வந்து டிக்கெட் கிழித்திருக்கிறது.

இந்த வருஷம்: ஓட்டி வந்தது டீசலுக்கும் சம்பளத்துக்கும் சரி. புதுசாக ஒரு ஸ்டெப்னி டயர்கூட வாங்கவில்லை. 2-ல் அடைப்புக்குறி இல்லாததற்குக் காரணம் நாலு பஸ்ஸை விற்றது. 3-ல் புது டெபாசிட் வந்திருக்கிறது. வந்த இரண்டும் எங்கே போயிற்று? பழைய டெபாசிட்காரர்களுக்கு வட்டி, பழைய கடன். லாபம் என்று ஒரு தொகை காட்டியிருக்கிறதே, அதில் முக்கால்வாசி பஸ் விற்ற லாபம். அடுத்த வருஷம் எதை விற்பார்கள்?

அம்மா தையல் மிஷினை விற்ற மாதம் ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயது. இரண்டு ஞாயிறு தொடர்ந்து கறிக்குழம்பு. நாம் பணக்காரர் ஆகிவிட்டோம் என்று ஸ்கூலில் பீற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் அம்மா கையால் தைத்த ரவிக்கை கிடையாது.

அடைப்புக்குறி இருந்த வருஷம்தான் நல்ல வருஷம். நான் அப்பாவிடம் தலைகீழாகச் சொல்லியிருக்கிறேன்.

சார் வந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன். "சார், பஸ்ஸை வித்துத்தான் வட்டி குடுக்கறாங்களா?"

வெற்றிலைப் பெட்டியை மூடினார். "ஷீட்ல ஒளிச்சு வெச்சிருக்கேனா? பளிச்சுனு போட்டிருக்கு. படிக்கறவா படிச்சுக்கட்டும். இதோ பாரு பிலோமினா, இங்க அடிக்கறதை நீ வெளில பேசினா, மறுநாள் ஒரு க்ளையண்ட் இந்தப் படி ஏறமாட்டான். உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. ரங்கநாதா."

அவர் சொல்வதும் சரிதான், அதுதான் எரிச்சல். வீட்டில் தெருக்காரர்கள் ஜெபமாலைக்கு வந்திருந்தார்கள். மூன்றாம் தேவ ரகசியத்தில் அருள் நிறைந்த மரியே எத்தனை சொன்னேன் என்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அப்பாவிடம் பேசவில்லை. டெபாசிட் வேண்டாம் என்று மட்டும் காரணம் சொல்லாமல் சொல்லிவிடலாமா? காரணம் சொல்லாமல் அப்பா எதை விட்டிருக்கிறார்?

22-10-83, சனி

கொட்டும் மழை. குடை கம்பி உடைந்தது.

இன்று அடித்தது கம்பெனியின் டெபாசிட்காரர் பட்டியல், இந்த வாரம் வரை. இருநூற்றுப் பதின்மூன்று பெயர். அறுபது வரை கை பாட்டுக்கு ஓடியது. அறுபத்தொன்று: செல்வி அ. பிலோமினா, பாலக்கரை. இருபத்திரண்டாயிரம். தேதி 17.

என் பெயரை நானே அடித்துவிட்டுத்தான் படித்தேன். கை நின்றுவிட்டது. இஸ்திரி சட்டை!

ஒரு மணிக்கு வயிற்று வலி என்று கிளம்பி வீட்டுக்கு ஓடினேன். அப்பா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அணைத்தேன்.

"எதுக்குப்பா என் பேர்ல போட்டீங்க?"

"தெரிஞ்சுபோச்சா? உன் பொறந்த நாளுக்குச் சொல்லலாம்னு இருந்தேன். எனக்கப்புறம் மாசாமாசம் உனக்கு வரணும்ல?"

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேனே. நீதானே சொன்ன, அடைப்பு இல்ல, நல்லாத்தான் இருக்குன்னு. அதனாலதான் திங்கக்கிழமையே போனேன்."

அழுகை வந்தது. அவர் மேல் கோபம் கோபமாக வந்து என் மேலேயே விழுந்தது. சாரின் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா முப்பத்தி மூன்று வருஷம் இன்ஜின் ரிப்பேர் பார்த்தவர். நாலு பஸ்ஸை விற்றார்கள் என்றதுமே புரிந்துவிட்டது. "வண்டிய வித்துட்டா அப்புறம் எதை வெச்சும்மா ஓட்டுவான்?" ரேடியோவை மறுபடி போடவில்லை. காபியும் வேண்டாம் என்றார்.

23-10-83, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் மனம் நிற்கவில்லை. மத்தியானம் திடீரென்று தோன்றியது: டைப்பிஸ்ட்டாகத்தான் நான் வாய் திறக்கக் கூடாது. டெபாசிட்காரியாகக் கேட்கலாமே? பட்டியலில் பெயர் இருக்கிறதே. யார் என்ன சொல்ல முடியும்?

நாளைக்கு லீவ் லெட்டர். ரசீதை மறக்காமல் எடுத்து வைக்க. கறுப்பு பார்டர் புடவை.

24-10-83, திங்கள்

கம்பெனி கவுண்டரில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் வட்டி வாங்க வந்தவர்கள். மேனேஜருக்கு என்னைக் கண்டதும் சிரிப்பு.

"வாம்மா. சார் ஏதாவது குடுத்து விட்டாரா?"

"இல்லங்க. டெபாசிட் விஷயம். திருப்பி வேணும்."

"போட்டு ஒரு வாரந்தான ஆகுது? ஆறு மாசத்துக்கு முன்னால எடுக்க முடியாதும்மா. ரூல்."

குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அப்ப டெபாசிட்காரின்னு ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன். இந்த வருஷம் கம்பெனி புதுசா எத்தனை பஸ் வாங்கிச்சு? எத்தனை பஸ் வித்துச்சு?"

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் திரும்பி, "பஸ்ஸ விக்கறாங்களா?" என்றார். மேனேஜர் எழுந்தே விட்டார். "உள்ள வாம்மா, உள்ள வந்து பேசு."

உள்ளே சிரிப்பு இல்லை. அப்பாவின் நட்பு, என் வேலை, சாரின் பெயர், எல்லாவற்றையும் இழுத்தார். நான் ரசீதை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். முக்கால் மணி நேரம். கடைசியில்: "வெள்ளிக்கிழமை வா. வட்டி கிடையாது. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

சரி என்றேன். அதைச் சொல்லும்போது ஒன்றும் உறுத்தவில்லை.

26-10-83, புதன்

சார் ஒன்றும் கேட்கவில்லை. தெரியுமா, தெரியாதா? இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் கார்பன் பேப்பர் விஷயம். வெள்ளிக்கிழமை இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்பா இன்றும் வாக்கிங் போகவில்லை.

28-10-83, வெள்ளி

கிடைத்தது! மாதாவே.

அப்பாவும் நானும் போனோம். செக் இல்லை. கண்டக்டர் பைகளைக் கொண்டுவந்து கொட்டி எண்ணிக் கொடுத்தார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து, கசங்கியது, ஈரம், எல்லாவற்றிலும் வியர்வை வாடை. மூன்று நாள் டிக்கெட் பணமாம். பாங்க்கில் இல்லாததால் ரூட்டிலிருந்து நேராக என் கைக்கு. கம்பெனியில் உண்மையாகச் சம்பாதித்த பணம் இது ஒன்றுதான் என்று தோன்றியது. அதை நான் மூட்டை கட்டி எடுத்து வந்துவிட்டேன்.

அப்பா நேராகத் தபாலாபீசுக்கு. அங்கே கிளார்க் நோட்டைப் பார்த்துத் திட்டினார். இந்த முறை இரண்டு பேர் பெயரிலும். வரும் வழியில் வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தார், சின்னப் பிள்ளைக்கு வாங்குவது போல. சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

29-10-83, சனி

சார் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அறுபத்தொண்ணு போயிடுத்து. நம்பரெல்லாம் மாத்தி ஃபிரெஷ்ஷா அடிச்சுடு. திங்கட்கிழமை ஒம்பது மணிக்கு வேணும்."

தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்தான்.

அடித்தேன். எனக்குக் கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரு எண் மேலே வந்தார்கள். இந்த முறை பெயர்களைப் படித்துக்கொண்டே அடித்தேன். ரிட்டயர்டு போஸ்ட்மேன். கைலாசபுரத்தில் ஒரு அம்மா, கணவர் பெயருக்கு முன்னால் லேட். இரண்டு அக்கா தங்கை, ஒரே விலாசம். புது அறுபத்தொன்று: குமாரி ரோஸ்லின், ரிட்டயர்டு டீச்சர், பாலக்கரை. எட்டாயிரம்.

நம் ரோஸ்லின் டீச்சர். ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். கல்யாணம் இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. அடுத்த தெரு.

எனக்குத் திருப்பித் தந்த மூன்று நாள் டிக்கெட் பணத்தில் இவர்கள் பங்கும் இருந்தது. மூச்சு விட மாட்டேன் என்று சரி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. பட்டியல் இன்னும் பாதி பாக்கி, திங்கள் காலை சீக்கிரமே வந்து ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும்.

30-10-83, ஞாயிறு

தூறல். முதல் பூசை. டீச்சர் இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில். பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. முடிந்ததும் வெளியே மாதா சிலை இருக்கும் கெபி பக்கம் அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். என் வேலை, பட்டியல், நான் மட்டும் வாங்கிக்கொண்டது உள்பட.

டீச்சர் நம்பவில்லை. "வட்டி ஒரு மாசம் தவறாம வருதேம்மா?"

"அது பஸ்ஸை வித்த பணம் டீச்சர்."

டீச்சரிடமிருந்து ஒரே கேள்வி, எனக்கு மூன்று ஷீட்டும் ஒரு பட்டினி மத்தியானமும் தேவைப்பட்ட கேள்வி:

"பாக்கி எத்தனை பஸ் இருக்கு?"

"ஏழு டீச்சர்."

முக்காட்டைச் சரி செய்துகொண்டார். "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு நான் கவுண்டர்ல நிக்கறேன். எனக்கு இவங்ககிட்ட இதையெல்லாம் பேச வராது பிலோ. நீ கூட வரியாம்மா?"

ஒன்பது மணிக்கு சாருக்குப் பட்டியல்.

வரேன் டீச்சர் என்றேன்.