நினைவகக் குறைபாடு நினைவுக் குறைபாடான விதம்

அனுப்புநர்:
முதுநிலை வரைவாளர்,
வரைபடப் பிரிவு, இரண்டாம் மாடி,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: கணினியின் கோளாறை என் தலையில் கட்டிய கணினிப் பிரிவு மேற்பார்வையாளர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: என்னை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும் தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஊரின் குடிநீர்க் குழாய்களை வரைந்து வருகிறேன். எந்தத் தெருவில் எந்த வால்வு எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்க்காமலே சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கு ஞாபக மறதி என்று, வரும் திங்கட்கிழமை மருத்துவக் குழுவின் முன் ஆஜராகச் சொல்லியிருக்கிறீர்கள். தகுதியில்லை என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் என் வேலை போய்விடும்.

2. நடந்தது இதுதான். முழு ஊர் வரைபடத்தைத் திறந்தால் என் கணினி அப்படியே நின்றுவிடும். எனவே அதிலிருந்த எட்டு ஜிபி நினைவகத்தோடு இன்னொரு எட்டு ஜிபி பொருத்தினார்கள். பதினாறு காட்ட வேண்டிய திரை எட்டு என்றே காட்டியது. மேற்பார்வையாளர் வந்தார். எதைக் கேட்டாலும் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ரீஸ்டார்ட். அன்றும் நான்கு முறை அதையே செய்துவிட்டுப் போய்விட்டார். நான் பழுதுப் பதிவேட்டில் ‘நினைவகக் குறைபாடு’ என்று என் கையால் எழுதினேன்.

3. தங்களுக்கு அனுப்பிய மாத அறிக்கையில் அவர் அதை எடுத்தெழுதியது இப்படி: ‘முதுநிலை வரைவாளர் – நினைவுக் குறைபாடு. பலமுறை முயன்றும் சரியாகவில்லை.’ கைப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். திருத்தித் தரும்படி மரியாதையாகவே கேட்டேன். "எழுதினது எழுதினதுதான்மா. நீங்க என்ன எழுதுனீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கா?" என்று ஐந்து பேர் முன்னால் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிப்பதாக இல்லை, ஐயா.

4. பக்கத்து மேசைக்காரி தினமும் "அக்கா, இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க பாப்போம்" என்கிறாள். அவளையாவது விட்டுவிடலாம். தங்கள் ஆணையைப் படித்த நாள் முதல் என் கணவர், நான் பூட்டிய கதவை எனக்குத் தெரியாமல் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். நல்ல மனிதர்தான். அதைக் கண்ட அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

5. அழுது முடித்ததும் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். மறுநாள் அலுவலகத்தில் கணினியின் மின்சாரத்தைத் துண்டித்து, இரண்டு நினைவகங்களையும் கழற்றித் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே வேலை செய்தன. இடம் மாற்றிச் செருகினேன், அதுவும் சரி. கணினி தொடங்கும்போது வரும் முதல் திரையில் பதினாறு இருந்தது, உள்ளே போனால் எட்டு. ஆகவே கோளாறு பொருளில் இல்லை, அமைப்பில்தான் என்று தேடினேன். ‘அதிகபட்ச நினைவகம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். பக்கத்தில் எட்டு என்று வரம்பு. டிக்கை எடுத்தேன். பதினாறும் வந்தது.

6. அந்த டிக்கைப் போட்டவர் வேறு யாருமல்ல, மேற்பார்வையாளரேதான். அப்படிச் செய்தால் கணினி வேகமாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, மூன்று ஆண்டுகளுக்கு முன் அலுவலகக் கணினிகள் அனைத்திலும் தாமே போட்டுவைத்ததாகப் பெருமையாகச் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். அதன் நகலையும், பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.

7. ஆகவே, அதே ஐந்து பேர் முன்னிலையில் அவர் தம் அறிக்கையைத் திருத்தி, திருத்தியதை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய், ஏன் வந்தேன் என்று தம் வாயாலேயே சொல்லி, அந்த டிக்கை எடுக்க வேண்டும். அவருக்குப் பதிலாக வேறு யாரையும் அனுப்பக் கூடாது.

8. தங்கள் ஆணையை ரத்து செய்யும்படி நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை கட்டாயம் போவேன். ஆனால் தாம் போட்ட டிக்கைத் தாமே மறந்தவர் அவர். மறதிக்குத்தான் பரிசோதனை என்றால், என் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் சேர்த்து ஆணையிடுங்கள், ஐயா. நான் முன்னதாகவே போய், அவருக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்து வைக்கிறேன்.

நாள்: வியாழக்கிழமை (தேதி 14, யாரையும் கேட்காமல் எழுதியது)
இடம்: இரண்டாம் மாடி

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)
முதுநிலை வரைவாளர்