தூசிக்குள் இருக்கும் சூடு

ஆலங்குடி,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

போன் போட்டால் எடுக்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன். நீ அம்மாவுக்கு அனுப்பிய படத்தை நானும் பார்த்தேன். வெடித்த நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசி கண்ணுக்குத் தெரியாது, அதன் சூட்டை வைத்து அகச்சிவப்பில் எடுத்தது என்று சொல்லியிருந்தாய். என் எட்டாம் வகுப்பு மூளைக்கு ஏறவில்லை.

நேற்று முந்திரி வறுத்த இடத்தில் சாம்பல் வெளுத்துக் கிடந்தது. ஆறிவிட்டதென்று வெறுங்காலோடு மிதித்துவிட்டேன். நான் குதித்த குதியில் உன் அம்மா, "கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?" என்றாள்.

"கண்ணுக்குத் தெரியாதுடி, இதுதான் அகச்சிவப்பு!" என்றேன். மூளைக்கு ஏறாதது உள்ளங்காலில் ஏறிவிட்டது.

"தூசியப் பாக்க வெளிநாடு எதுக்குத்தா? வெளக்கமாத்த எடுத்து வீட்டக் கூட்டு" என்று நீ படிக்கக் கிளம்பும்போது சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னேனே, அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. ரெண்டு வருஷம் ஆகிறது. நான் சொன்னது தப்புத்தான்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நட்சத்திரமே வெடித்துத் தீர்ந்த பிறகும் அந்தத் தூசிக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, பாதியை விழுங்கிவிடுவாள். என் நம்பருக்கே கூப்பிடு. குறுக்கே பேசாமல் கேட்பேன்.

உன் அப்பா