பின்மூலைக்கு இரண்டு வெள்ளை

என் அன்பான ஓட்டுநர் அம்மாவுக்கு,

இங்கே நானும், படுக்கையும் அடுப்புமாக நாம் ஊர் ஊராய்ச் சுற்றிய நம் வீட்டு வண்டியும் சௌக்கியம். அங்கே நீ, மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் சௌக்கியம்தானே? பேரனுக்குப் பல் முளைக்கிறது, உன் விரலைக் கடிக்கிறான் என்று மகள் போனில் சொன்னாள். கடிக்கட்டும். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னால் மட்டும் நீ குளிக்கப் போய்விடுகிறாய். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாய்? அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. வண்டியின் பின்மூலை சரியாகிவிட்டது. நானேதான் செய்தேன், சிரிக்காதே. நீ வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது வாசல் கேட் தூணில் இடித்ததும் மாப்பிள்ளை, "அத்தை, இந்த வயசுல இவ்ளோ பெரிய வண்டி உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டாரே, அப்போது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சாவியை ஆணியில் மாட்டினாய். மறுநாளே அவர்களோடு ரயில் ஏறிவிட்டாய். போகும்போது, "சரி பண்ணி வித்துடுங்க, இனிமே நான் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. பாதி மாப்பிள்ளை மேல், பாதி உன் மேல். மலைப்பாதையில் லாரிக்காரர்களையே ஒதுங்க வைத்தவள், போயும் போயும் ஒரு தூணுக்கா பயந்துவிட்டாய்? பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்திய என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, நீ சொன்னதைச் செய்ய வேண்டாமா? தெருமுனை டிங்கர்க்காரர் வந்து பார்த்தார். தகரமாக இருந்தால் தட்டியே எடுத்துவிடலாம், இது ஃபைபர், தட்டினால் இன்னும் உடையும், பொறுமையாக உட்கார்ந்து பட்டி பூசிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும் என்றார். தனக்கு அவ்வளவு நேரமில்லையாம். "நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று பட்டி டப்பாவை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

விரிசல் விட்ட ஓரங்களை அறுத்தெடுத்து, உள்பக்கம் ஃபைபர் துணி ஒட்டி, வெளியே பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். தேய்த்தால் பள்ளம் தெரியும். மறுபடி பூசு, மறுபடி தேய். கண்ணுக்குச் சமமாகத்தான் இருக்கும், உள்ளங்கையை வைத்தால்தான் மேடு தட்டுப்படும். நான் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மா, "என்ன, அவங்க ஊருக்குப் போனதும் வண்டியைக் கொஞ்ச ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

பெயிண்டில்தான் என் மூக்கு உடைந்தது. வெள்ளை வண்டிதானே என்று கதவுப் பக்கத்துச் சின்ன மூடி ஒன்றைக் கழற்றிக் கடையில் காட்டி, அதே நிறம் கலந்து வாங்கி வந்து அடித்தேன். கதவுப் பக்கம் அச்சாகப் பொருந்தியது. மூலை திரும்பிப் பின்பக்கம் வந்தால், பழைய சட்டையில் புதுத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி பளிச்சென்று நிற்கிறது. டிங்கர்க்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏன் சார், அந்தப் பக்கத்துக்கு மட்டும் வெயிலே காட்டமாட்டீங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஊரில் நிறுத்தினாலும் கதவுப் பக்கம் நிழல் விழுகிற மாதிரிதான் நீ நிறுத்துவாய். நம் இரண்டு மடக்கு நாற்காலியும் அங்கேதானே. ஒரு நாளாவது மாற்றி நிறுத்தியிருக்கிறாயா? மற்ற பக்கமெல்லாம் வெயில் குடித்து வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது. நாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பக்கம் மட்டும் வாங்கியபோது இருந்த வெள்ளையாகவே இருக்கிறது. உப்புத்தாளும் கையுமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிறகு பின்பக்கத்துக்கென்று இன்னொரு வெள்ளை கலக்கச் சொன்னேன். மூலை வளைவில் இரண்டும் ஒன்றோடொன்று கரைகிற மாதிரி டிங்கர்க்காரர் ஸ்பிரே அடித்துக் கொடுத்தார். பாலிஷ் என் வேலை. இப்போது எது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை.

விளம்பரமும் கொடுத்தேன். ஒரு பல் டாக்டர் மனைவியோடு வந்தார். பின்பக்கம் முழுக்க விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சொத்தையைத் தேடினார். அகப்படவில்லை. நானாகக் காட்டியும் அவர் நம்பவில்லை. அதற்குள் அவர் மனைவி உன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பப் போனார். "அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று. அந்த அம்மா வெடுக்கென்று கையை எடுத்துவிட்டார். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இருந்தும் வண்டி அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். நல்ல மனிதர்கள், நன்றாகவே வைத்துக்கொள்வார்கள். நீ விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன், அதில் மாற்றமில்லை.

ஆனால் வண்டியை அவர்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். அவர்கள் வீடு மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு ராத்திரி வண்டியிலேயே தங்கித்தான் போக வேண்டும். சைக்கிளைத் தாண்டி எனக்கு எதுவும் ஓட்டத் தெரியாது. இன்னொருவரை அந்த இருக்கையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் நீதான் வந்து ஓட்ட வேண்டும். மலை ஏறி இறங்கி, அந்த வாசலில் போய் நிறுத்திய பிறகும் கொடுத்துவிடலாம் என்று நீ சொன்னால், சாவியை நானே அவர்கள் கையில் கொடுக்கிறேன்.

இதை டாக்டரிடமும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்போ நாங்க வேற வண்டியும் பார்த்து வைக்கிறோம்" என்றார்.

பேரனுக்கு என் முத்தம். மாப்பிள்ளை மேல் இருந்த பாதிக் கோபம் ஆறிவிட்டது என்று சொல். மீதிப் பாதிக்கு நீ நேரில் வா. நல்லபடியாக வந்து சேர்.

எப்போதும் உன் பக்கத்து இருக்கையில்,
உன் கிளீனர்