நெடுமடை நாட்டார் கேட்ட மறுதேர்தல்

மழை பிழையாது பெய்க. மடைகள் நிறைந்து ஓடுக. ஆழிமங்கலத்து அரியணையில் அமர்ந்து ஐந்து ஆறுகளையும் காக்கும் கோமகள் எழினியாள், நெடுமடை நாட்டு உழவரும் வணிகரும் குயவரும் மகளிருமாகிய பெருமக்கள் யாவருக்கும் நலம் கேட்டு விடுக்கும் ஓலை.

உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. மும்முறை வென்று உங்கள் நாட்டுக்காக எம் பேரவையில் அமர்ந்த எயிலனார், இம்முறை எண்ணெய் வணிகர் சாத்தனாரிடம் தோற்றார் என்றும், அது உங்கள் விருப்பம் அன்று என்றும், ஆகையால் இத்தேர்தலைத் தள்ளி மறுபடியும் வாக்குப் பானை வைக்க யாம் ஆணையிட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு நீங்கள் காட்டிய காரணத்தைப் படித்தபோது யாம் சிரித்துவிட்டோம்; அதை மறைப்பதற்கில்லை.

தோற்றவர் தம் பானையைத் தாமே தலையில் சுமந்து வீடு திரும்புவது உங்கள் நாட்டு வழக்கம். மும்முறையும் எயிலனாரை எதிர்த்து நின்ற சாத்தனார், மும்முறையும், வாக்காக விழுந்த நாலைந்து புளியங்கொட்டைகள் மட்டும் அடியில் கலகலக்கும் பானையோடு உங்கள் தெருக்களில் நடந்தார். அதைப் பார்த்து உங்களுக்கு மனம் பொறுக்கவில்லை. எயிலனார் எப்படியும் வென்றுவிடுவார், இந்த மனிதர் இன்னொரு முறை வெறும் பானை சுமக்க வேண்டாம், நம் கொட்டை ஒன்றால் என்ன ஆகிவிடும் என்று பல வீட்டாரும் தனித்தனியே எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் அவர் பானையில் போட்டிருக்கிறீர்கள். எண்ணி முடித்தபோது சாத்தனார் ஒரே ஒரு கொட்டையில் வென்றிருந்தார்.

உங்கள் அச்சம் எமக்கு விளங்குகிறது. மேல்மடை நீர் உங்களுக்கா மலைநாட்டாருக்கா என்பது வரும் தைப் பேரவையில் முடிவாக இருக்கிறது. எயிலனார் இல்லையேல் வயல் காய்ந்துவிடும் என்று கலங்குகிறீர்கள். படகோட்டியாக இருந்து அவைக்கு வந்த அவர் முதல் ஆண்டு வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் மூடவில்லை. எம் போர் வரியை எம் முகத்துக்கு நேரே மறுத்துப் பாதியாக்கியவர் அவரே. அவர் தோற்ற செய்தி வந்த அன்று எம் அமைச்சர் சிலர் இனிப்பு வழங்கினர். யாமும் பிற்பகலில் நிம்மதியாக உறங்கினோம். விழித்தபின் அந்த நிம்மதியை எண்ணி வெட்கமாக இருந்தது.

ஆயினும் மறுதேர்தல் இல்லை. நல்லவர் ஒருவருக்காக யாம் இன்று முடிவை மாற்றினால், எமக்குப் பின் வருபவர் தமக்கு வேண்டியவருக்காக மாற்றுவார். அன்று உங்கள் கையில் கொட்டை இருக்கும், உரிமை இராது.

எயிலனாரை அழைத்தும் கேட்டோம். பானையைச் சுமந்து நடந்தபோது சாத்தனாரே எதிரில் வந்து, தமக்கு அவையில் பேசத் தெரியாதே என்று கண்ணீர் விட்டாராம். தைப் பேரவைக்கு அவரைத் தம் படகிலேயே அழைத்து வருவதாகவும், ஆற்று வழி முழுவதும் மேல்மடை வழக்கைச் சொல்லிக்கொண்டே துடுப்புப் போடுவதாகவும் எயிலனார் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரிடம் அகப்பட்டவர் பேசக் கற்காமல் கரையேற முடியாது. ஆகவே நீரைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

மறுதேர்தலை அவரும் வேண்டாம் என்றார். காரணம் கேட்டோம். தாமும் இரக்கப்பட்டுத் தம் கொட்டையைச் சாத்தனார் பானையில்தான் போட்டதாகச் சொன்னார்.

ஆதலால் சாத்தனார் அவையில் அமர்க. அடுத்த தேர்தலில் நெடுமடை நாட்டார் இரக்கத்தைச் சோற்றுப் பானையில் காட்டி, கொட்டையைத் தமக்கு வேண்டியவர் பானையில் போடுக. இஃது எம் ஆணை. ஐந்தாற்று முத்திரை பொறித்து விடுத்தோம். ஊர் நடுவே உரக்கப் படிக்க. எயிலனார் வீட்டு வாசலில் மட்டும் இருமுறை படிக்க.