நாலு பேருக்கும் ஒரே மார்க்கு

ஆகஸ்ட் 12, திங்கள்

வா நோட்டு, நல்லா இருக்கியா? மூன்று நாளாக உன்னைத் திறக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. யாரிடமோ பேசுகிற மாதிரி இருந்தால்தான் எனக்கு எழுத வரும். 'இன்று காலையில் எழுந்தேன்' என்று சுவரைப் பார்த்து எழுத என்னால் ஆகாது. நீ தலையாட்டிக்கொண்டே கேள், நான் சொல்லிக்கொண்டே போகிறேன்.

இன்று ஆய்வகத்தில் கடைசிப் பயிற்சி தொடங்கியது. இதுவரை கம்பியை இழுத்து அறுத்தோம், இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டோம். இனிமேல் அணிக்கு ஒரு உடைந்த சாமான். அது ஏன் உடைந்தது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து மேசைக்குக் கதவுக் கீல் கிடைத்தது. எங்களுக்கு ஒரு சைக்கிள் பெடலின் அச்சு. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, நடுவில் முறிந்து இரண்டு துண்டு.

சைக்கிள் என்றதும் என் பாலிஷ் பட்டறைக்கு வரும் ஒரு பால்காரர் ஞாபகம் வந்தது. அவர் வண்டியின் முன்கம்பியை நான் எத்தனை முறை பளபளப்பாக்கிக் கொடுத்தாலும் மழைக்காலம் முடிந்ததும் துரு எட்டிப் பார்க்கும். "உன் பாலிஷுக்கு அடியில என்னதான்யா இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்த வயதில் பெரியவர்களுக்கான நுழைவுத்தேர்வு எழுத வைத்தது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன், கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன், இன்று உலோகத் துறையில் முதலாமாண்டு. சரி, அது வேறு கதை.

ஆய்வகம் நடத்தும் மேடம் ஒரு விதி சொன்னார். "கடைசி நாள்ல நாலு பேரும் நிப்பீங்க. நான் யாராவது ஒருத்தரைக் கை காட்டுவேன். அவங்க மட்டும் எட்டு நிமிஷம் பேசணும். மத்தவங்க வாயைத் திறந்தா மார்க்கு குறையும். அவங்க வாங்குற மார்க்குதான் நாலு பேருக்கும்."

இதில் தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டில் இந்தத் துறை கிடையாது. வேறு எதிலாவது தள்ளிவிடுவார்கள்.

மேடம் சொல்லி முடித்ததும் என் அணியின் மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"அங்கிளைக் கை காட்டினா முடிஞ்சது," என்றான் அவர்களில் ஒருவனான பட்டாசு. "எட்டு நிமிஷத்துல பால்காரர் வண்டியை விட்டு இறங்கவே மாட்டாரு."

ஆகஸ்ட் 14, புதன்

என் அணியைப் பற்றி உனக்குச் சொல்லவே இல்லையே. மூன்று பேருக்கும் பேர் வைத்தது நான்தான். கண்ணாடி என்பவன் மூக்குக்கண்ணாடி போட்ட பையன், வகுப்பில் முதல், கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டான். பட்டாசுக்கு விளக்கம் வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் வெடிக்கும். மூன்றாவது ஒரு பெண். நல்ல புத்தி, ஆனால் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. ஆய்வகத்துக் காற்றாடிக்கே அவளைவிடக் குரல் அதிகம். அவள் சின்னக்குரல்.

வேலை செய்கிற முறை இப்படி. ஒருவர் செய்வார். ஒருவர் செய்முறைத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உரக்கப் படிப்பார். ஒருவர் எழுதுவார். ஒருவர் பாதுகாப்பு பார்ப்பார். படிக்காததைச் செய்யக்கூடாது. அவ்வப்போது வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு இந்த முறை ரொம்பப் பிடித்திருக்கிறது. பட்டறையில் நான் தனி ராஜா. இங்கே என் கைக்கு மூன்று பேரின் கண்.

ஆகஸ்ட் 19, திங்கள்

உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். ஏரிக்கரையில் தண்ணீர் வற்ற வற்றக் கோடு கோடாக விட்டுப் போகுமே, அப்படி வளைந்த கோடுகள். ஒரே நாளில் உடைந்ததில்லை. மிதிக்க மிதிக்க விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்திருக்கிறது.

நானும் பட்டாசும் யார் மிதித்திருப்பார், எவ்வளவு எடை இருப்பார் என்று பேசிக்கொண்டிருந்தோம். சின்னக்குரல் ஊசி முனையால் ஒரு இடத்தைத் தொட்டாள். கோடுகள் எல்லாம் அங்கே போய்ச் சேருகின்றன. "இங்கதான் ஆரம்பிச்சிருக்கு," என்றாள். நான் குனிந்ததால் கேட்டது.

அந்த இடத்தின் விளிம்பில் ஒரு சின்னக் கீறல் இருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஒரு துண்டை அந்த இடத்தின் குறுக்காக அறுத்து, பிளாஸ்டிக் வில்லையில் பதித்து, உப்புத்தாளில் தேய்த்தோம். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைசுத் தாள். கடைசியில் மெத்துத் துணி போட்ட சக்கரத்தில் நான் பாலிஷ் ஏற்றினேன். வில்லையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி தன் முகத்தை அதில் பார்த்துத் தலை சீவிக்கொண்டான்.

"அண்ணே, இது என்ன கையா, மெஷினா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் இதே பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு, வேறு துறை. "ஜூனியர், ரொம்ப ஆடாதீங்க. இன்னும் பரீட்சை வரல," என்றாள். பெற்ற பெண்ணே சீனியராக வாய்த்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தானோ?

ஆகஸ்ட் 26, திங்கள்

கெடுத்துட்டேன்.

எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன். எப்படிச் சொல்றது உனக்கு—

இன்று அமிலம் தடவும் நாள். பளபளப்பான இரும்பை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றும் தெரியாது, வெறும் வெளிச்சம்தான். நீர்த்த அமிலத்தில் நனைத்து எடுத்தால் முகம் மங்கும். மூச்சுக்காற்று பட்ட முகம்பார்க்கும் கண்ணாடி மாதிரி. அந்த மங்கலுக்குள்தான் உள்ளே இருக்கிற மணிமணியான அமைப்பெல்லாம் தெரியும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு முறை எழுதிக்கூட வைத்திருக்கிறேன்.

செய்பவன் நான். படிப்பவள் சின்னக்குரல். நனைத்தேன், கழுவினேன், துடைத்தேன். மைக்ராஸ்கோப் காலியாகவில்லை, கதவுக் கீல் அணி உட்கார்ந்திருந்தது. சும்மா நிற்க முடியுமா என்னால்? ஒரு கதை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு எடுத்த காரை நான் பாலிஷ் போட்ட போடில், மாப்பிள்ளை கார் கதவில் தன் முகத்தைப் பார்த்து மீசை சரியில்லை என்று திரும்பிச் சவரக்கடைக்கே போய்விட்ட கதை. பட்டாசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சின்னக்குரல் தாளால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கதை முடிந்தது. கண்ணாடி என் கையைப் பார்த்தான்.

"அண்ணே... என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

என் கை பாலிஷ் சக்கரத்தில் வில்லையை அழுத்திக்கொண்டிருந்தது. மங்கலாக இருந்ததை என் கை அழுக்கு என்று நினைத்துவிட்டது. தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியலையே! அதுவும் கதை எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம். மறுபடியும் முகம் பார்க்கிற பளபளப்பு.

திரும்ப அமிலம் தடவிப் பார்த்தோம். நடுப்பகுதி தெரிந்தது. ஓரம் தெரியவில்லை. மெத்துத் துணியில் அளவுக்கு மீறித் தேய்த்ததால் விளிம்பு மழுங்கி வழிந்துவிட்டது, மைக்ராஸ்கோப்பில் வெறும் புகை. எங்களுக்கு வேண்டியதே அந்த ஓரம்தான். உப்புத்தாளில் மறுபடி தேய்த்தால் சமமாகும், ஆனால் விரிசல் பிறந்த இடம் அதற்குள் தேய்ந்து போய்விடும்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று ஆய்வகம் இல்லை. நல்லவேளை.

ஆகஸ்ட் 28, புதன்

காலையில் மகளிடம் சொன்னேன், இந்த அணியை விட்டு விலகிவிடலாமா என்று. அவள் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "உங்க டீம்ல யாராவது உங்களைத் திட்டினாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப நீங்க ஏன் திட்டிக்கிறீங்க? திட்டுற வேலையை அவங்க பார்த்துக்கட்டும். போங்க, பஸ் போயிடும்."

போனேன். மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அச்சின் இன்னொரு பாதி. இனி அதுதான் மிச்சம். அதுவும் போனால் பேச ஒன்றும் இல்லை.

"இதை நம்ம கண்ணாடி பாலிஷ் போடட்டும். நான் தாள் எழுதுறேன்," என்றேன்.

"எனக்குக் கை நடுங்கும்ணே," என்றான் அவன்.

"எனக்குக் கையே கிடையாது, வாய்தான்," என்றான் பட்டாசு.

சின்னக்குரல் செய்முறைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்ந்து நின்றாள். "அண்ணன்தான் போடணும். நான் படிக்கிறேன். நான் படிக்காம அவர் கை நகரக்கூடாது."

"கதை?" என்றான் பட்டாசு.

"கதையும் கூடாது."

செப்டம்பர் 2, திங்கள்

வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன், பேச்சு வராமல் இருக்க. அவள் படித்தாள், நான் செய்தேன். அவள் "நிறுத்துங்க" என்றாள், நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் பளபளப்பு ஏற்றலாமே என்று கை கெஞ்சியது. விடவில்லை அவள்.

அமிலத்தில் நனைத்து எடுத்ததும் கண்ணாடி என் கையிலிருந்து வில்லையை வாங்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்கு ஓடியே போனான். எனக்கே சிரிப்பு வந்தது.

மைக்ராஸ்கோப்பில் ஓரம் அப்படியே தெரிந்தது, நோட்டு! அச்சைச் சுற்றி ஒரு தோல். உள்ளே இருப்பது மிருது, வளைந்து கொடுக்கும். வெளித்தோல் கெட்டி, தேயாமல் காக்கும். அந்தத் தோல் சுற்றிலும் இருந்தது, விரிசல் பிறந்த இடத்தில் மட்டும் இல்லை. அங்கே யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். பெடல் உள்ளே போகவில்லை என்று பொருத்துவதற்காக ராவியிருப்பார்கள். தோல் போனது, கீறல் நின்றது, விரிசல் அங்கே குடி வந்தது.

பட்டாசு என் தோளில் கை போட்டான். "அங்கிள், அரம் போட்டவரு உங்களுக்குச் சொந்தமா? ரெண்டு பேரும் தோலை உரிக்கிறதுலயே இருக்கீங்க."

"உன் தோலை முதல்ல உரிக்கிறேன் வா," என்றேன். நாலு பேரும் சிரித்த சிரிப்பில் மேடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 5, வியாழன்

ஒத்திகை. கண்ணாடி சரியாக முடித்தான், தூக்கம் வந்தது. பட்டாசு பாதி நேரத்தில் முடித்தான், யாருக்கும் புரியவில்லை. நான் எட்டு நிமிடம் முடிந்தபோது இன்னும் இரும்புக்கு வரவில்லை. சின்னக்குரல் பேசினாள் என்று சொன்னார்கள். உதடு அசைந்தது உண்மை.

இதில் யாரைக் கை காட்டினாலும் கஷ்டம்தான். ஆனால் என்னைக் காட்டிவிடக்கூடாது. கடவுளே, அவளையும் காட்டிவிடக்கூடாது.

செப்டம்பர் 9, திங்கள்

மேடம் அவளைத்தான் காட்டினார்.

அவள் முன்னால் போய் நின்றாள். காற்றாடியை அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடி கடிகாரத்தைப் பார்த்தான். பட்டாசு, அந்தப் பட்டாசே, நனைந்து போய் நின்றான். எனக்கு நாக்கு நுனியில் முதல் வரி தயாராக நிற்கிறது. சொன்னால் மார்க்குப் போகும். சொல்லாவிட்டால்? இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

அவள் நேராக நடந்து போய்க் காற்றாடியை நிறுத்தினாள். திரும்பி வந்தாள்.

"இந்த அச்சை உடைச்சது பாரம் இல்ல, மேடம். அரம்."

பார்த்தாயா? நான் என்றால் அந்த வரிக்கு மறுநாள்தான் வந்திருப்பேன். அவள் முடிவில் தொடங்கிப் பின்னோக்கி நடந்தாள். கோடுகள், கீறல், தோல், தோல் இல்லாத இடம். ஒவ்வொன்றுக்கும் படம். கடைசி மேசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்து நின்று கேட்டார்கள்.

முடியும்போது மேடம் கேட்டார். "உங்களுக்கு ரெண்டு துண்டு கொடுத்தேன். முதல் துண்டு என்ன ஆச்சு?"

நான்தான் மேடம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கூடாதே!

"அதோட ஓரத்தை நாங்க மழுங்கடிச்சுட்டோம்."

"யாரு?"

"நாங்கதான் மேடம். அன்னைக்குப் படிக்க வேண்டியவ நான். அடுத்த படியை நான் படிக்கல. கதை கேட்டுட்டு நின்னேன்." பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் ஓரம் புகை, இன்னொன்றில் ஓரம் கோடு கிழித்த மாதிரி. "முதல் துண்டை மட்டும் பார்த்திருந்தா, தோலே இல்லாத மட்டமான அச்சுன்னு தப்பா எழுதியிருப்போம். செஞ்சவங்க மேல பழி போட்டிருப்போம். அதனால ரெண்டையும் காட்டணும்னு நினைச்சேன்."

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார். எழுதி முடித்துவிட்டாரோ, எழுத மறந்துவிட்டாரோ, தெரியவில்லை.

எனக்கா? பெற்ற பெண் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. இத்தனை நாளாக என் தலையில் நானே கட்டிக்கொண்டு திரிந்த பாரத்தில் கால் பங்கை அவள் எல்லோர் முன்னாலும் வந்து இறக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிச்சமும் எனக்கு மட்டும் இல்லையாம்.

வெளியே வந்ததும் பேச வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அங்கிளுக்குக் கதை தீர்ந்துபோச்சுடா!" என்று பட்டாசு வராந்தா முழுக்கக் கத்தினான்.

ஜனவரி 13, திங்கள்

அடேயப்பா, உன்னைத் திறந்து எத்தனை நாளாச்சு! நல்லா இருக்கியா? எனக்கு நேரமே இல்லை, நம்பு. நாலு பேரும் தேறி இரண்டாமாண்டு வந்தாச்சு. புது ஆய்வகம், புது உலை. இந்த முறை அணிகளைப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று மேடம் சொன்னார். கதவுக் கீல்காரர்கள் இரண்டு பேர் வந்து சின்னக்குரலைத் தங்கள் மேசைக்கு அழைத்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று இங்கே வரை கேட்கவில்லை, ஆனால் அவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். நாங்கள் நாலு பேரும் பழைய மாதிரியே ஒரே மேசையில். அந்த இரண்டு வில்லையையும் மேடம் முதலாமாண்டுக்காரர்களுக்குப் பாடம் நடத்த எடுத்து வைத்திருக்கிறார், புகை ஓரம் ஒன்று, கோடு ஓரம் ஒன்று. கீழே நாலு பேர் பெயரும் ஒரே சீட்டில். அதைப் பார்க்கவே நான் இன்று இரண்டு முறை தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். மூன்றாம் முறை போனபோது அங்கே ஒரு முதலாமாண்டுப் பையன் நின்று, ஐயா, இந்தப் புகை ஓரம் எப்படி ஆச்சு என்று கேட்டான். நானும் அவனை உட்கார வைத்து, தம்பி, ஒரு ஊரில் ஒரு மாப்பிள்ளை இருந்தான், அவனுக்கு மீசை என்றால் உயிர், ஒருநாள் அவன் வாடகைக்கு ஒரு காரை—

"அண்ணே! உலை சூடேறிடுச்சு. இன்னைக்குப் படிக்கிறது நீங்க. நீங்க படிக்காம நாங்க கதவைத் தொட மாட்டோம், வாங்க!" கூப்பிடுவது சின்னக்குரல்தான்.

இதோ வந்துட்டேம்மா, ஒரே ஒரு வரி, அந்தக் காரை எடுத்துக்கிட்டு நேரா